எரிகோ சாலை எங்கே இருக்கிறது?

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வாசகங்கள்: இணைச்சட்டம் 30:10-14, கொலோசையர் 1:15-20, லூக்கா 10:25-37)



இன்றைய நற்செய்தி நமக்கெல்லாம் மனப்பாடம். நல்ல சமாரியர் கதையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். பங்கு விழாவில் நாடகமாகப் போட்டிருக்கிறோம். கதை தெரிந்துவிட்டதாலேயே ஒரு சிக்கல் வருகிறது. கதை தொடங்கும்போதே, நாம் சமாரியரின் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். குருவையும் லேவியரையும் பார்த்து, "எப்படித்தான் கடந்து போனார்களோ!" என்று வருத்தப்படுகிறோம்.

ஆனால் ஆண்டவர் இந்தக் கதையை யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். திருச்சட்டம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் சொன்னார். அந்த அறிஞர் கடவுளை அன்பு செய்ய வேண்டும், அடுத்திருப்பவரை அன்பு செய்ய வேண்டும் என்று சரியாகவே பதில் சொல்லிவிட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: எனக்கு அடுத்திருப்பவர் யார்? இது எல்லைக்கோடு போடுகிற கேள்வி. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவரை அன்பு செய்தால் போதும், அந்தப் பக்கம் இருப்பவர் என் பொறுப்பு அல்ல என்று தெரிந்துகொள்ளும் கேள்வி. இயேசு கோடு எதுவும் போட்டுத் தரவில்லை. கோடுகளை எல்லாம் தாண்டி இறங்கிப் போகிற ஒரு சாலையைக் காட்டினார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் மலைச்சாலை அது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம், வளைவுகள் அதிகம், கள்வர் பதுங்க வசதியான இடம்.

அந்த எரிகோ சாலை இன்று எங்கே இருக்கிறது? இதைத்தான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். அதற்கு, கடந்த ஆண்டு நான் சென்று பார்த்த ஓர் அருங்காட்சியகம் எனக்கு உதவி செய்கிறது.

குருமடத்தில் என்னோடு படித்த அருட்பணியாளர் ஒருவர் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் பங்குப்பணி செய்கிறார். அவருக்குக் கிடைத்த சில நாள் விடுமுறையில் இருவரும் காரில் புறப்பட்டோம். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி, செல்மா, பர்மிங்ஹாம் ஆகிய ஊர்கள் வழியாக, டென்னசி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் மெம்பிஸ் நகரம் வரை எங்கள் பயணம். அங்குள்ள தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம்தான் எங்கள் முடிவிடம். கறுப்பின மக்கள் சம உரிமைக்காக நடத்திய அறப்போராட்டத்தின் வரலாறு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வழியில் இருந்த ஊர்கள் எல்லாம் அந்தப் போராட்டம் நடந்த ஊர்கள். ஆகவே எங்களுக்கு அருங்காட்சியகம் என்பது அந்த நெடுஞ்சாலையிலேயே தொடங்கிவிட்டது.

முதலில் மாண்ட்கோமரி. 1955 டிசம்பர் 1 அன்று, ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண், பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்ததற்காகக் கைது செய்யப்பட்டார். அதிலிருந்து 381 நாள்கள் அந்நகரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. வேலைக்கு நடந்து போனார்கள்; கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மார்ட்டின் லூதர் கிங் என்ற 26 வயது இளம் போதகரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான்.

ஆனால் அந்தக் கார்களுக்கு யார் பெட்ரோல் போட்டது? ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையற்கார அம்மா. அவரும் சில பெண்களும் கோழி வறுத்து, கேக் செய்து, வீடு வீடாகவும் கடை கடையாகவும் விற்றார்கள். வந்த பணத்தைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கிருந்து வந்த பணம் என்று யாராவது கேட்டால், 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லிவிடலாம் என்பதற்காகத் தங்கள் குழுவுக்கே அந்தப் பொருள் வரும்படி பெயர் வைத்தார்கள். வாங்கியவர்களுக்கோ விற்றவர்களுக்கோ ஆபத்து வரக்கூடாதே! இதைப் படித்தபோது நம் பங்குகளில் உள்ள அன்பியத் தாய்மார்கள், மரியாயின் சேனைத் தாய்மார்கள் என் நினைவுக்கு வந்தார்கள். நீதிக்கான பெரிய காரியங்களுக்குப் பின்னால், எப்போதும் யாரோ ஓர் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறார்.

மாண்ட்கோமரியிலிருந்து செல்மா ஏறத்தாழ 87 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரம். 1965 மார்ச் மாதத்தில், வாக்குரிமை கேட்டு மக்கள் இதே தூரத்தை நடந்து கடந்தார்கள். அவர்களது முதல் முயற்சி மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. செல்மாவின் பாலத்தைத் தாண்டியதும் காவல்துறையினர் தடிகளாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். 'இரத்த ஞாயிறு' என்றே அந்நாளுக்குப் பெயர் வந்துவிட்டது.

அன்று மண்டை உடைந்து, மூச்சுத் திணறி விழுந்தவர்களை எங்கே தூக்கிக்கொண்டு போனார்கள் தெரியுமா? அந்த மருத்துவமனையின் பெயரைக் கேளுங்கள்: நல்ல சமாரியர் மருத்துவமனை. அது நம் கத்தோலிக்கத் திருச்சபையின் மருத்துவமனை. 1937இல் செல்மாவுக்கு வந்த எட்மண்டைட் சபைக் குருக்கள் அங்கே கறுப்பின மக்களிடையே பணி செய்தார்கள். புனித சூசையப்பர் சபை அருள்சகோதரிகள் நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்து அந்த மருத்துவமனையை நடத்தினார்கள். அந்த ஞாயிறுக்குச் சில நாள்களுக்கு முன், காவலரால் சுடப்பட்ட ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞர் உயிர்விட்டதும் அங்கேதான்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மறைமாவட்டத்துக் குருக்களும் சகோதரிகளும் ஊர்வலத்தில் நடக்க அவர்களுடைய பேராயர் அனுமதி தரவில்லை. செல்மா சகோதரிகளால் தெருவில் இறங்க முடியவில்லை. ஆனால் அடிபட்டவர்கள் தங்கள் வாசலுக்கு வந்தபோது, அவர்கள் கதவைத் திறந்தார்கள், காயத்தைக் கழுவினார்கள், கட்டுப்போட்டார்கள். மூன்று நாள் கழித்து வேறு மறைமாவட்டங்களிலிருந்து அருள்சகோதரிகள் தங்கள் சபை உடையிலேயே வந்து மக்களோடு நடந்தார்கள். அவர்களில் அந்தோனா ஈபோ என்ற கறுப்பினச் சகோதரியும் ஒருவர். தான் கறுப்பினப் பெண், துறவி, கத்தோலிக்கர். அதனாலேயே சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்ற பொருளில் அவர் பேசினார். தெருவில் நடந்தவர்களும் சாட்சிகள். மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்தவர்களும் சாட்சிகள். சமாரியரிடம் இருந்த எண்ணெயும் திராட்சை மதுவும் எல்லாருடைய கையிலும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை.

அன்புக்குரியவர்களே, அடுத்த ஊர் பர்மிங்ஹாம். இங்கேதான் நான், ஒரு குருவாக, நீண்ட நேரம் நின்றேன். ஏனென்றால் ஆண்டவர் சொன்ன கதையில் முதலில் கடந்து போகிறவர் ஒரு குரு.

1963 ஏப்ரல் 12. அன்று புனித வெள்ளி. தடையை மீறி ஊர்வலம் போனதற்காக மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாமில் கைது செய்யப்பட்டார். அதே நாளில் அம்மாநிலத்தின் வெள்ளையினச் சமயத் தலைவர்கள் எட்டுப் பேர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அதே ஆண்டு ஜனவரியில், நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எல்லாரும் கீழ்ப்படிய வேண்டும் என்று துணிந்து பேசியவர்கள். ஆனால் இப்போது அவர்கள் சொன்னது இதுதான்: இந்தப் போராட்டம் அறிவுடைமையாகாது, இது ஏற்ற காலம் அல்ல, வீதியை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போங்கள். ஒரே வார்த்தையில் சொன்னால், பொறுங்கள்.

அந்த எட்டுப் பேரில் கத்தோலிக்கர் ஒருவர் உண்டு. மொபில்-பர்மிங்ஹாம் மறைமாவட்டத்தின் துணை ஆயர் ஜோசப் டூரிக்.

கிங் சிறையிலிருந்து அவர்களுக்கு எழுதிய பதில்தான் உலகப் புகழ்பெற்ற பர்மிங்ஹாம் சிறைக்கடிதம். கையில் காகிதம் இல்லாததால் செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கிய கடிதம் அது. வெறுப்பவர்களைக் காட்டிலும், நல்லவர்களாக இருந்துகொண்டு 'பிறகு பார்ப்போம்' என்று சொல்பவர்கள்தான் தம்மை அதிகம் வருத்தப்படுத்துகிறார்கள் என்று அதில் மனம் திறந்தார். 'பொறு' என்ற சொல் கறுப்பின மக்களின் காதில் பெரும்பாலும் 'ஒருபோதும் இல்லை' என்றே ஒலித்திருக்கிறது என்றும் எழுதினார்.

அந்தக் கடிதத்துக்குப் பின் ஐந்தே மாதம். செப்டம்பர் 15, ஞாயிறு காலை. பர்மிங்ஹாமின் பதினாறாம் தெரு பாப்டிஸ்டு ஆலயத்தில் குண்டு வெடித்தது. வழிபாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு 14 வயது. ஒரு குழந்தைக்கு 11 வயது. அந்த ஆலயம் இன்றும் இருக்கிறது. பொறுங்கள், பொறுங்கள் என்று நாம் சொல்லும்போது, அந்தக் காத்திருப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை அந்த ஆலயத்தின் முன் நிற்கிறவர் மறக்க முடியாது.

இப்போது அந்த குருவையும் லேவியரையும் மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர்கள் அடிபட்டவரைத் திட்டவில்லை; உதைக்கவில்லை. ஒருவேளை அவருக்காகச் செபித்துக்கொண்டே போயிருக்கலாம். விலகி மறுபக்கமாகப் போனார்கள், அவ்வளவுதான். கடந்து போவதற்குக் கெட்ட மனம் தேவையில்லை. 'இப்போது வேண்டாம்' என்ற ஒரு நல்ல வார்த்தை போதும்.

ஆனால் ஆயர் டூரிக்கின் கதை அத்தோடு முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். அதே 1963ஆம் ஆண்டின் இறுதியில் அவர் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் மறைமாவட்டத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே போனவர் பழைய டூரிக்காக இருக்கவில்லை. இன நீதிக்காக வெளிப்படையாகப் பேசினார். தம் சொந்த மக்களிலேயே பலருடைய எதிர்ப்பைச் சம்பாதித்தார். மரண தண்டனையை எதிர்த்தார். 1975இல் ஆயர் பொறுப்பிலிருந்து விலகிச் சிறைப்பணிக்குப் போனார். சிறையில் இருந்தவரைப் பார்த்துப் பொறுங்கள் என்று சொன்ன ஆயர், பிறகு சிறையில் இருப்பவர்களைத் தேடிப் போனார்!

இயேசுவின் கதையில் அந்தக் குரு திரும்பி வந்தாரா என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் திரும்பி வர முடியும். சாலை இரண்டு பக்கமும் போகிறது. மனமாற்றம் என்று திருச்சபை சொல்வது இதைத்தான்.

பர்மிங்ஹாமிலிருந்து மெம்பிஸுக்கு நான்கு மணி நேரப் பயணம். இடையில் எங்களுக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தினோம், காபி குடித்தோம், கழிப்பறைக்குப் போனோம். முந்தின இரவு ஒரு விடுதியில் அறை கேட்டபோது, வரவேற்பில் இருந்த பெண் புன்னகையோடு சாவியைத் தந்தார். எங்கள் இருவருக்கும் நல்ல கறுப்பு நிறம். 1964க்கு முன் அதே சாலையில் எங்கள் நிறத்தில் இருந்தவர்களுக்குப் பல விடுதிகளின் கதவு திறந்திருக்காது. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொல்ல, நியூயார்க்கைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் ஒரு வழிகாட்டிப் புத்தகமே வெளியிட்டார். 1964 ஜூலை 2 அன்று கையெழுத்தான சட்டத்தால்தான் விடுதிகளின் கதவு எல்லாருக்கும் திறந்தது. நாங்கள் சாதாரணமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட சாவிக்கு மற்றவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

மெம்பிஸ் அருங்காட்சியகமே ஒரு பழைய விடுதிதான். லொரெய்ன் மோட்டல் என்று பெயர். வால்டர் பெய்லி, லோரி பெய்லி என்ற கறுப்பினத் தம்பதியர் நடத்தியது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. வீட்டுச் சாப்பாடு கிடைத்தது. சமாரியர் அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாரே ஒரு சாவடி, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 1968 ஏப்ரல் 4 மாலை, அதன் 306ஆம் எண் அறைக்கு வெளியே மாடி நடையில் நின்றபோதுதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. அதே நாளில் லோரி அம்மா பக்கவாதத்தால் விழுந்தார். கிங்கின் அடக்கம் நடந்த ஏப்ரல் 9 அன்று அவரும் இறந்துபோனார். சாவடிக்காரரும் விலை கொடுத்தார். 1991இல் அந்த விடுதி அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 306ஆம் அறையை இன்றும் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கலைந்த படுக்கையோடு, அன்று இருந்ததைப் போலவே வைத்திருக்கிறார்கள்.

கிங் ஏன் மெம்பிஸுக்குப் போனார்? எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது. குப்பை அள்ளுகிறவர்களுக்காகப் போனார்.

1968 பிப்ரவரி 1 அன்று நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு தூய்மைப் பணியாளர்கள் மழைக்கு ஒதுங்கக் குப்பை வண்டியின் பின்புறத்துக்குள் ஏறி நின்றார்கள். பழுதான அந்த வண்டியில் குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக இயங்கி இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. குப்பையைப் போல நசுங்கி இறந்தார்கள். பிப்ரவரி 12 முதல் ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முழுநேரம் உழைத்தும் அரசின் ஏழைகள் உதவியை நாடும் அளவுக்குத்தான் அவர்களில் பலருக்குக் கூலி இருந்தது. ஆனால் அவர்கள் கையில் ஏந்திய அட்டையில் கூலியைப் பற்றி ஒன்றும் இல்லை. 'நான் ஒரு மனிதன்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அருங்காட்சியகத்தில் ஒரு பழைய குப்பை வண்டியும் அந்த அட்டைகளும் இருக்கின்றன. அங்கே என்னோடு வந்த நண்பர் குரு மெதுவாகச் சொன்னார்: "தொடக்கநூல் முதல் அதிகாரம்." ஆம். கடவுளின் உருவில் படைக்கப்பட்டவன் நான் என்பதைத்தான் அந்தத் தொழிலாளர்கள் அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்தார்கள். இன்றைய இரண்டாம் வாசகம் கட்புலனாகாத கடவுளின் சாயல் கிறிஸ்துவே என்று கற்பிக்கிறது. அந்தச் சாயலை ஆலயத்தில் வணங்கிவிட்டு, தெருவில் குப்பை வண்டியோடு வரும்போது அடையாளம் தெரியாதவர்போல் இருக்க முடியுமா?

கொல்லப்படுவதற்கு முந்தின இரவு, புயல் மழைக்கு நடுவே அந்தத் தொழிலாளர்கள் கூடியிருந்த மண்டபத்தில் கிங் பேசினார். அன்று அவர் எடுத்துக்கொண்டது இன்றைய நற்செய்தியைத்தான். தாமும் தம் மனைவியும் வாடகைக் கார் எடுத்து எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போனதைச் சொன்னார். சாலையின் வளைவுகளைப் பார்த்ததும், ஏன் ஆண்டவர் இந்த இடத்தைத் தேர்ந்தார் என்று புரிந்தது என்றார். பிறகு ஒரு விளக்கம் தந்தார். இவருக்காக நான் நின்றால் எனக்கு என்ன ஆகும் என்று குருவும் லேவியரும் கேட்டுக்கொண்டார்கள். நான் நிற்காமல் போனால் இவருக்கு என்ன ஆகும் என்று சமாரியர் கேட்டார். இதுவே அவர் சொன்னதன் சாரம். மறுநாள் மாலை அவர் உயிரோடு இல்லை. ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்கு இணங்கியது.

அன்புக்குரியவர்களே, இவ்வளவு தூரம் அமெரிக்காவைப் பற்றியே பேசுகிறாரே சாமி என்று உங்களுக்குத் தோன்றலாம். இன்றைய முதல் வாசகத்துக்கு வாருங்கள். மோசே மக்களிடம் என்ன சொல்கிறார்? கடவுளின் கட்டளை தொலைவில் இல்லை. அதைக் கொண்டுவர விண்ணகத்துக்கு ஏறவும் வேண்டாம், கடல் கடந்து போகவும் வேண்டாம். அது உன் வாயிலும் உன் இதயத்திலும் இருக்கிறது என்கிறார். நான் கடல் கடந்து போய்ப் பார்த்தது, இங்கே நம் வாசலிலேயே இருக்கிறது.

கிங் எரிகோ சாலையில் போனது 1959 மார்ச் மாதம். எங்கிருந்து திரும்பும் வழியில் தெரியுமா? நம் நாட்டிலிருந்து! ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார்; சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் அவரை மாணவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பிள்ளைகள் அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். தங்களில் ஒருவர் என்ற உரிமையில் சொன்ன வார்த்தை அது. முதலில் அதிர்ந்துபோனதையும், பிறகு யோசித்து, ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டதையும் 1965இல் தம் ஆலயத்து மறையுரையில் அவரே சொன்னார். தன் நாட்டின் காயத்தை அவர் நம் நாட்டின் காயத்தில் பார்த்தார். நாம் அவருடைய அருங்காட்சியகத்தில் நம் காயத்தைப் பார்க்காமல் வந்தால், அது சுற்றுலா மட்டுமே.

மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. ஆனாலும் விஷவாயு தாக்கித் தொழிலாளர் இறந்தார் என்ற செய்தியை நாம் இன்னும் படிக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். இதுவும் சாலையின் மறுபக்கம் போவதுதான்.

ஆலயத்துக்குள்ளும் வருவோம். நம் மறைமாவட்டங்களின் எல்லா ஊர்களையும் நான் சொல்லவில்லை. ஆனால் சில ஊர்களில் திருவிழாத் தேர்ப்பவனி எந்தத் தெரு முனையில் திரும்பிவிடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். எந்தத் தெருவுக்குள் போவதில்லை என்றும் தெரியும். சில கல்லறைத் தோட்டங்களில் இறந்தவர்களுக்கு நடுவே கூட சுவர் நிற்கிறது. ஒரே திருமுழுக்குத் தண்ணீர், ஒரே நற்கருணை, ஆனால் மண் மட்டும் தனித்தனி! 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாடு நற்செய்திக்கு எதிரானது என்று அவர்களிடம் தெளிவாக எடுத்துரைத்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்காக வெளியிட்ட கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் இந்தப் பாகுபாடு இருக்கிறது என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொண்டது. போதனையில் குறை இல்லை. பிறகு ஏன் சுவர் நிற்கிறது?

ஏனென்றால் நாம் நல்லவர்கள். ஆனால் பொறுங்கள் என்று சொல்கிறவர்கள். "சாமி, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா இந்த வருசம் வேண்டாம். பெரியவங்க மனசு நோகும். திருவிழா நல்லபடியா முடியட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்." முப்பது ஆண்டுக்கு மேலான பங்குப்பணியில் இந்தச் சொற்களை நான் பல மேசைகளில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் யாரும் முரடர்கள் அல்லர், தினத்திருப்பலிக்கு வருகிறவர்கள். தேர் வராத தெருவில், வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மெழுகுவர்த்தியோடு நிற்கும் பாட்டிக்கு அந்த 'அடுத்த வருசம்' எப்படிக் கேட்கும்? அவர் எத்தனை அடுத்த வருசம் பார்த்திருப்பார்?

எனவே இந்த வாரத்துக்கு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, உங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் சகோதரர், சகோதரியின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வீட்டில் எல்லாரும் குடிக்கும் குவளையிலேயே தண்ணீர் கொடுங்கள். கண்ணாடித் துண்டையும் ஊசியையும் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். இது சின்னக் காரியம்தான். ஆனால் சமாரியரும் கழுதையிலிருந்து இறங்குவதிலிருந்துதான் தொடங்கினார்.

இரண்டு, உங்கள் வீட்டிலோ நிறுவனத்திலோ கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டி வந்தால், மனிதரை உள்ளே இறக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். செலவு கூடினாலும் இயந்திர வண்டியை அழையுங்கள். சமாரியர் இரண்டு தெனாரியம் கொடுத்தார். இரண்டு நாள் கூலி அது. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னார். அன்புக்குச் செலவு உண்டு.

மூன்று, பங்குப் பேரவை உறுப்பினர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, இது உங்களுக்கும் என்னைப் போன்ற குருக்களுக்கும். அடுத்த கூட்டத்தில், எந்தத் தெருவுக்குத் தேர் போகவில்லை, எந்தச் சுவர் நிற்கிறது என்ற பேச்சு வந்தால், 'பொறுங்கள்' என்ற சொல் நம் வாயில் வரும்முன் சமாரியரின் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். இதைச் செய்தால் எனக்கு என்ன ஆகும் என்று அல்ல. செய்யாவிட்டால் அந்தத் தெருவில் காத்து நிற்பவருக்கு என்ன ஆகும் என்று கேட்போம். நேற்றுவரை பொறுங்கள் என்று சொன்னவராக இருந்தாலும் அஞ்ச வேண்டாம். ஆயர் டூரிக் திரும்பி வந்தார். நாமும் திரும்பி வரலாம்.

அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்தை விளக்கோடும் கண்ணாடியோடும் வைத்திருக்கிறார்கள். அங்கே யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று சொல்வது இப்போது எளிது. ஆண்டவர் நம்மிடம் அதைக் கேட்கவில்லை. கதையை முடித்துவிட்டுத் திருச்சட்ட அறிஞரிடம் சொன்னதையே நமக்கும் சொல்கிறார்: நீரும் போய் அப்படியே செய்யும் என்று.

செபிப்போமாக. எங்களுக்கு அடுத்தவராக இறங்கி வந்த ஆண்டவர் இயேசுவே, நாங்கள் கடந்து போன மனிதர்களை இன்று எங்கள் கண்முன் நிறுத்தும். தெருவையும் வாய்க்காலையும் தொட்டியையும் தூய்மை செய்யும் எங்கள் சகோதர சகோதரிகளைக் காத்தருளும். பணியில் உயிர்விட்டவர்களை உம் விருந்தில் முதல் வரிசையில் அமரச் செய்யும். எங்கள் ஊர்களில் எந்தத் தெருவும் உமது பவனிக்கு வெளியே நிற்காதபடி, எங்கள் கால்களைத் திருப்பியருளும். என்றென்றும் வாழ்ந்து ஆட்சி செய்கின்றவர் நீரே. ஆமென்.